கடப்பாரையும் சோப்புடப்பாவும்

அக்டோபர் 6, திங்கள்

இன்று இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டிலும் இருட்டில் பார்க்கிற கண்ணாடி. ஹெல்மெட்டில் மாட்டிக் கண்ணுக்கு நேரே இறக்கிக்கொள்ள வேண்டும். கம்பெனி வேறு வேறு. ரேஞ்சர் இளம்பரிதி என்னையும் ஜெபசிங்கையும் கூப்பிட்டு விவரம் சொன்னார்.

"உள்ள இருக்கிற லென்ஸ் ரெண்டுலயும் ஒண்ணுதான். வித்தியாசம் வெளிக்கூட்டுலயும் சுவிட்சுலயுந்தான். மூணு வாரம் போட்டுப் பாருங்க. எது கைக்கு வசதி, எது அடி தாங்குதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்றதைத்தான் மலையில எல்லா டீமுக்கும் வாங்கப் போறாங்க. இருபத்தெட்டாம் தேதி ரெண்டு கம்பெனிக்காரங்களும் வருவாங்க."

இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். எஸ்டேட்டுக்குள் இறங்கும் யானைகளைத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் வராமல் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. பொழுது சாய்ந்ததும் ஜீப் கிளம்பும். வனக்காப்பாளர் ஜெபசிங் ஓட்டுவான், பின்னால் இரண்டு காவலர்கள். முன்னால் இடது பக்க சீட் வனவரான என்னுடையது, ஒன்பது வருடமாக. யானை பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். அதன் பிறகு அந்த சீட்டில் இருப்பவர் சொல்வதுதான் நடக்கும். "நில்" என்றால் ஜீப் நிற்கும், "பின்னால" என்றால் பின்னால் போகும், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. என் வீட்டில்கூட என் பேச்சுக்கு இந்த மரியாதை கிடையாது.

நாங்கள் கிளம்பும்போது ரேஞ்சர் இன்னொன்றும் சொன்னார். கீழே செக்போஸ்டில் வனவர் இடம் காலியாக இருக்கிறதாம். "கொஞ்சம் ஓய்வா இருக்கணும்னு நினைக்கிறவங்க சொல்லலாம்" என்றார். இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு நாற்பத்தாறு வயது. லாரி நம்பர் எழுதிக்கொண்டு நாற்காலியில் உட்காரவா நான் காட்டு வேலைக்கு வந்தேன்?

பெட்டியைப் பிரித்ததுமே ஜெபசிங் பேர் வைத்துவிட்டான். ஒன்று அலுமினியக் கூடு, கறுப்பு, கனம். அது கடப்பாரை. இன்னொன்று பிளாஸ்டிக் கூடு, வழவழப்பு. அது சோப்புடப்பா. கடப்பாரையில் ஒரு திருகுக் குமிழ், சோப்புடப்பாவில் மூன்று ரப்பர் பொத்தான்கள். எனக்கு எடுத்த எடுப்பிலேயே சோப்புடப்பா பிடித்துவிட்டது. விரல் பட்டால் போதும், வேலை செய்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் விரல்கள் மடங்கவில்லை. மழைக்காலம். வெந்நீரில் வைத்திருந்தேன். எழுத இவ்வளவுதான் முடிந்தது.

அக்டோபர் 9, வியாழன்

பறிமுதல் மரம் போட்டு வைக்கும் கிடங்கில் ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு அடித்து, பட்டப்பகலில் இருட்டு உண்டாக்கினோம். நானும் ஜெபசிங்கும் ஆளுக்கு ஒருமுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு, கையுறையோடும் கையுறை இல்லாமலும், எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்தோம்.

கடப்பாரையின் குமிழ் ஒவ்வொரு நிலைக்கும் டக் டக்கென்று நின்று நின்று திரும்புகிறது. கூட வருகிற சின்ன விளக்கைப் போட வேண்டுமானால் குமிழை வெளியே இழுத்துத் திருக வேண்டும், தெரியாமல் கை பட்டுப் போட்டுவிட முடியாது. சோப்புடப்பாவில் மூன்று பொத்தானும் ஒரே அளவு, ஒரே வரிசை. ஜெபசிங் கையுறையோடு தடவி மூன்று தடவையும் தப்பான பொத்தானை அழுத்தினான்.

"இது சரிப்படாதுக்கா. வெளிச்சத்தக் கூட்டலாம்னு அமுக்குனா மொத்தமா அணைஞ்சிருது. கடப்பாரைல கண்ண மூடிக்கிட்டே எத்தனாவது நிலைல நிக்குதுன்னு தெரியுது."

"உனக்குத் தடவத் தெரியல. அதுக்குப் பொத்தான் என்ன பண்ணும்?" என்றேன்.

"சரி, நீங்க கடப்பாரையத் திருகுங்க, பாப்போம்."

திருகினேன். திருகத்தான் செய்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. ரொம்ப இறுக்கமாகச் செய்து வைத்திருக்கிறார்கள், பயில்வான்களுக்கு விற்கிற பொருள் போல. ஜெபசிங் கட்டைவிரலாலேயே தள்ளிவிட்டு, "எங்கக்கா இறுக்கம்?" என்றான். அவன் கை டீக்கொழுந்துக் கூடை தூக்கி வளர்ந்த கை. அதை அளவாக வைக்க முடியுமா?

பேட்டரி மாற்றுவதிலும் இதே கதை. சோப்புடப்பாவில் ஒரு மூடி வழுக்கிக்கொண்டு திறக்கிறது. கடப்பாரையில் திருகுமூடி, உள்ளே தடித்த ரப்பர் வளையம். கடைசிக் கால் சுற்று அழுத்தித் திருகினால்தான் வளையம் உட்காருமாம். கைக்கு வசதி எது என்று கேட்டால் என் பதில் சோப்புடப்பாதான். ஆபீஸ் தாளிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

போட்டு உடைக்கிற நாள். ஜீப் பானெட்டின் மேலிருந்து புல்லில் ஒருமுறை, தோள் உயரத்திலிருந்து தார் ரோட்டில் ஒருமுறை, சரளைக்கல்லில் ஒருமுறை. எஸ்டேட் பிள்ளைகள் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அரசாங்கமே காசு கொடுத்து வாங்கி அரசாங்கமே கீழே போடுகிறது என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். வாங்கவில்லை, கம்பெனி சும்மா கொடுத்தது என்று சொல்லவேண்டியிருந்தது.

கடப்பாரையில் சாயம் உரிந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. சோப்புடப்பாவும் தாங்கியது. ஹெல்மெட்டில் கோக்கிற காதுக்குப் பக்கத்தில், மடக்குகிற கீல் இருக்கிறதே, அங்கே தலைமுடி மாதிரி ஒரு கோடு. கீறலாகத் தெரியவில்லை. அச்சிலிருந்து எடுக்கும்போதே விழுந்த கோடாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் குடத்தில்கூட அப்படி ஒரு கோடு இருக்கும்.

ஜெபசிங் நகத்தால் நெருடிப் பார்த்து, "இது போன வாரம் இல்லக்கா" என்றான். போன வாரம் நீ பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

சாயங்காலம் முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குவார்ட்டர்ஸ் வீட்டில் இருக்கிற மூன்று பாத்திரத்தையும் இடம் மாற்றி வைத்தேன். யானைத் தகவல் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

அக்டோபர் 15, புதன்

தண்ணீர்ச் சோதனை. பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து இரண்டையும் முக்கி வைத்தோம். அதற்கு முன்னால் புது பேட்டரி போட வேண்டும். ஜெபசிங் டீ வாங்கப் போயிருந்தான், நானே இரண்டுக்கும் போட்டு மூடினேன்.

அரை மணி கழித்து எடுத்தால் சோப்புடப்பா உள்ளே சருகுபோல் காய்ந்து கிடக்கிறது. கடப்பாரையின் கண்ணாடிக்கு உள்பக்கம் பூராவும் பனி மூட்டம், மூடியைத் திறந்ததும் தண்ணீர் வழிந்தது. என்னமோ உலோகக் கூடு, ராணுவத் தரம் என்று பெட்டி மேல் எழுதியிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே இருந்தது.

ஜெபசிங் கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"மூடி ரொம்ப லேசா கழண்டுச்சேக்கா" என்றான்.

"தண்ணிக்குள்ள கெடந்தா லேசாத்தான் கழலும்."

அவன் மூடியைக் கீழே வைத்தான். டீயை என்னிடம் நீட்டினான். டம்ளரின் கழுத்தைப் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வாங்கிக்கொண்டேன். குளிருக்கு எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள்.

மூடியை நான் நன்றாகத்தான் மூடினேன். கடைசிச் சுற்று வரை திருகினேன், கிட்டத்தட்ட.

அக்டோபர் 16, வியாழன்

கடப்பாரை அரிசி டின்னுக்குள் புதைந்து கிடக்கிறது, ஈரம் வாங்க. ஜீப்பில் இனி சோப்புடப்பாதான். ரேஞ்சருக்குக் கடப்பாரை தண்ணீர் குடித்ததில் ஆச்சரியம். "மெட்டல்ல எப்படிங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். நடந்ததைச் சொன்னேன். செக்போஸ்ட் பற்றியும் மறுபடி ஆரம்பித்தார், நான் ஜீப்புக்கு டீசல் போட வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எங்களுக்கு ஏது தீபாவளி. வெடிச் சத்தத்தில் யானை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, லீவு கிடையாது. வீட்டுக்காரரே பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார், முறுக்கு டின், புதுச் சேலை, தேங்காய் ஆறு. தேங்காய்க் களம் வைத்திருக்கிறவர் எங்கே போனாலும் தேங்காய் இல்லாமல் போக மாட்டார்.

டின்னைத் திறக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு, மூடி சுற்றவில்லை. நீங்களே திறங்கள், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் டின்னைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கை எப்படி இருக்குது புள்ள?"

"என்ற கைக்கு என்னங்க. நல்லாத்தான் இருக்குது."

"ஆடியில வந்தப்ப தண்ணிப் பாட்டலத் தொறக்கச் சொல்லிக் குடுத்தே. போனதடவ சேலைக்கு ஊக்கு குத்தச் சொன்னே. இருவத்திரண்டு வருசத்துல எங்கிட்ட ஊக்கு குத்தச் சொன்னவளா நீயி?"

"ஏனுங்க, சொன்னா ஒரு குத்தம், சொல்லாட்டி ஒரு குத்தமுங்களா?"

அவர் விடாமல் என் வலது கையைப் பிடித்து விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கினார். நான் கையை உருவிக்கொண்டேன். வலித்தது. "டாக்டர்கிட்டக் காமிச்சுப் போடலாம், ஒரு நாள் வேலை" என்றார். டாக்டர் ஒரு சீட்டு எழுதுவார், அந்தச் சீட்டு ஆபீசுக்கு வரும், அப்புறம் ரேஞ்சருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. முறுக்கு நன்றாக இருக்கிறது என்றேன்.

மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார். போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

அக்டோபர் 22, புதன்

ஏழு மணி இருக்கும், மழை. மயிலோடை எஸ்டேட் ரேஷன் கடைக்குப் பின்னால் யானை என்று போன் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போய் நின்றோம். இரண்டு பெண் யானைகள் தெரிந்தன, ஒன்றின் காலடியில் குட்டி. மூன்றாவது ஒன்று கடைச் சுவருக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. சீட்டிலிருந்து பார்த்தால் சுவர் மறைத்தது. சும்மா நாலு எட்டு இறங்கிப் பார்த்தேன்.

சோப்புடப்பாவின் கண்ணாடியில் மழை. துடைக்க மேலே மடக்கினேன். மறுபடி இறக்கும்போது கீல் படக்கென்று விட்டது, கூடு கழன்று விழுந்துவிட்டது. அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணுக்குத் திடீரென்று ஒன்றுமே தெரியவில்லை. சுவர்ப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலேயே நடந்து ஜீப்பைத் தொட்டுவிட்டேன். ஏறப் பிடிக்கிற கம்பி மழையில் வழுக்கியது. இன்னொரு தடவை பிடித்தேன், அப்போதும் வழுக்கியது.

பின்னால் இருந்த காவலர்கள் எழுவதற்குள் ஜெபசிங் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி ஓடி வந்து, என் பெல்ட்டைப் பிடித்து ஒரு மூட்டையைத் தூக்கிப் போடுவதுபோல் உள்ளே போட்டான். அவன் திரும்பிப் போய் ஏறுவதற்குள் அந்த மூன்றாவது வந்து பானெட்டை ஒரு இடி இடித்தது. கதவுச் சட்டம் அவன் தோளில் அடித்தது. பக்கக் கண்ணாடி போய்விட்டது. ஒற்றைக் கையாலேயே ஜீப்பைப் பின்னால் எடுத்தான். குட்டியை விட்டு வர முடியாததால் துரத்தாமல் நின்றுவிட்டன.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு என்றார்கள். திரும்பி வரும்போது அவனை நன்றாகத் திட்டினேன். யானை நிற்கும்போது ஓட்டுகிறவன் இறங்கக் கூடாது என்பது முதல் பாடம். எதற்காக இறங்கினான்? நானே ஏறியிருப்பேன்.

அக்டோபர் 23, வியாழன்

கம்பி வழுக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கிடங்கில் சத்தம் கேட்டுப் போனேன். ஜெபசிங் தோளில் கட்டோடு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அண்டாவுக்குள் கடப்பாரை கிடந்தது. அரிசி டின்னிலிருந்து எப்போது எடுத்தானோ.

"யாரக் கேட்டு முக்குனே?" என்றேன்.

"மத்தியானத்துல இருந்து கெடக்குதுக்கா." வெளியே எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தான். உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "நான் மூடினேன்" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் பின்னாலேயே சோதனை நடத்துகிறாயா, நான் வனவரா நீ வனவரா என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் அம்மா வயிற்றில் இருந்தபோதே நான் யானை பார்த்தவள் என்றுகூடச் சொன்னேன், அது கணக்கிலேயே வராது. அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"ரெண்டு மாசமா தெரியும்க்கா. சட்டைப் பட்டன் போட முடியாம நீங்க பனியன் மேல கோட்டு மாட்டிட்டு வந்தீங்கல்ல, அன்னைலருந்து. யார்ட்டயும் சொல்லல. நீங்களும் சொல்ல வேண்டாம். தண்ணில ரெண்டாவது தடவ நல்லாருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. கடப்பாரை வரட்டும். தெனமும் நான் பேட்டரி போட்டு மூடித் தர்றேன், குமிழையும் திருப்பி வச்சுத் தர்றேன். நீங்க தலையில மாட்டுனா போதும்."

"உனக்கென்னடா அவ்வளவு அக்கறை?"

"நீங்க அந்த சீட்டுல இருந்தா நான் பயமில்லாம ஓட்டுவேன்" என்றான்.

கடப்பாரையை அவன் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் சொன்னபடி செய்தால் எல்லாம் சரியாகிவிடும். நல்ல கூடு வரும், சீட்டும் இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாப்பிட்டேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆபீஸ் தாளை எடுத்து வைத்து மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். "இரண்டாவது சோதனையில் நீர் புகவில்லை" என்று ஒரே வரி. எழுதி முடித்தால் தீர்ந்தது. எழுந்து துணி துவைத்தேன். மழையில் துவைத்த துணியை எங்கே காயப் போடுவது என்று பிறகுதான் யோசித்தேன்.

ஜெபசிங் இன்று வந்து எட்டிப் பார்த்தான். தோள் இன்னும் தூக்க வரவில்லை, ஆனாலும் நாளைக்கு வண்டி ஓட்டுகிறேன் என்கிறான். டீ குடித்தான். முறுக்கு மீதியை ஒரு கை பார்த்தான். அன்றைக்கு ஏன் இறங்கினாய் என்று மறுபடி கேட்டேன். "என்னக்கா கேள்வி இது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் பேட்டரியை மூடித் தருவான், குமிழைத் திருப்பித் தருவான். கம்பியை யார் பிடிப்பது? இன்னொரு நாள் எனக்குக் கம்பி பிடிபடாது, அன்றைக்கும் அவன் இறங்குவான். தெரிந்தேதான் இறங்குவான். அவன் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை.

எனக்கு அந்த சீட்டை விட மனசில்லை. கொஞ்சம்கூட இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சோப்புடப்பாவுக்கு டை கட்டிய ஒரு பையன், கடப்பாரைக்கு வழுக்கைத் தலையோடு ஒரு கோயமுத்தூர்க்காரர். ரேஞ்சர் அறையில் மேசைமேல் இரண்டு கூடும். சோப்புடப்பாவின் உடைந்த காது தனியாக ஒரு தாளில்.

டை கட்டிய பையன் உடைந்ததைப் பார்த்ததுமே, "யூஸ் பண்ணத் தெரியாம பண்ணிருக்காங்க சார்" என்றான். கோயமுத்தூர்க்காரர் அதைவிடச் சூடு. "எங்க பொருள் தண்ணி குடிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. பதினாலு வருசமா இதைச் செய்யறேனுங்க. மூடிய ஒழுங்கா மூடியிருந்தா எப்படிங்க குடிக்கும்?"

ரேஞ்சர் எங்கள் பக்கம் திரும்பி, "மூடினது யாரு?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் ஜெபசிங், "நான்தான் சார். அவசரத்துல சரியா மூடல. அப்புறம் நல்லா மூடி வச்சுப் பாத்தேன், தண்ணி போகல" என்றான். கட்டுப் போட்ட தோளோடு நிமிர்ந்து நின்று, பச்சைப் பொய்.

ரேஞ்சர் முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு பெரிய வேலையைக் குடுத்தா இப்படித்தான் பார்ப்பியா? உன்னாலதான் அந்தப் பிளாஸ்டிக்கை ஜீப்புல மாட்டி எல்லாரும் சாகப் பார்த்தீங்க" என்று ஆரம்பித்தார். ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு என்னைப் பார்க்காமல் நின்றான். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவன் மூடலைங்க சார். நான் மூடுனனுங்க" என்றேன்.

மேசைமேல் இருந்த கடப்பாரையை எடுத்தேன். பேட்டரி மூடியைக் கழற்றித் தரச் சொல்லி கோயமுத்தூர்க்காரரிடமே கொடுத்தேன், கழற்றித் தந்தார். எல்லோரும் பார்க்கத் திருகினேன். முதல் இரண்டு சுற்று வந்தது. கடைசிக் கால் சுற்றில் நின்றுவிட்டது. கட்டைவிரலை மாற்றி வைத்தேன், இடது கையால் பிடித்தேன், வயிற்றில் முட்டுக்கொடுத்துத் திருகினேன். வரவில்லை.  அந்த டை கட்டிய பையன்கூட வேறு பக்கம் பார்த்தான். ரேஞ்சர் என் கையிலிருந்து வாங்கி இரண்டு விரலால் திருகினார், டக்கென்று உட்கார்ந்தது.

"இந்த மூடிதாங்க அன்னைக்கு அண்டாவுல கெடந்தது" என்றேன். "அந்தக் காதுல கோடு விழுந்ததையும் பாத்தனுங்க. அச்சுக்கோடுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொத்தான் எனக்கு லேசா இருந்துது, அதான். கடப்பாரையத்தான் வாங்கோணும்."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா சீட்டு போயிருமுங்க சார்."

அவர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "ஒண்ணாம் தேதியிலிருந்து செக்போஸ்ட் பாருங்கம்மா. அதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. இது தண்டனை இல்ல" என்றார். தண்டனை இல்லை என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருந்தாலும் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். கோயமுத்தூர்க்காரரைப் பார்த்து, "என்னால மூட முடியலைங்கறது உங்க மூடிக்கும் ஒரு கொறைதானுங்க. அட்டை கடிச்சு, மழையில நனைஞ்சு வெறைச்சுப்போன கை யாருக்கும் என்ற கை மாதிரித்தான் இருக்கும். மூடிக்கு ரெண்டு காது வெச்சுக் குடுங்க, புடிச்சுத் திருகற மாதிரி" என்றேன். பதிலுக்குப் பேசுவார் என்று பார்த்தால், பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மூடியை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜெபசிங் வெளியே ஜீப் பக்கத்தில் நின்றான். என்னோடு பேசவில்லை. கோபம்.  

நவம்பர் 2, ஞாயிறு. பொள்ளாச்சி

இவள் சொல்லச் சொல்ல எழுதுவது நான். இவள் வீட்டுக்காரன் நாச்சிமுத்து. இனி வருவது இவள் பேச்சு.

முன்னால் உள்ள பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று சொல்லித்தான் நோட்டைக் கொடுத்தேன். படிக்காமல் இருப்பார் என்ற நம்பிக்கை இல்லை. டாக்டரைப் பார்த்தாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், கையைப் படம் எடுத்தார்கள். முடக்குவாதம் என்றார்கள். அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் இதோடு நிற்கலாம், கொஞ்சம் திரும்பியும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். ஜீப்பில் ஏறுகிற அளவுக்கா என்று கேட்கவில்லை. முதல் ஒரு வாரம் விரலுக்கு வேலை கொடுக்கக் கூடாதாம், பேனாகூடப் பிடிக்கக் கூடாதாம். அதனால் செக்போஸ்டுக்கு அடுத்த வாரம்தான் போகிறேன்.

கடப்பாரையை வாங்க எழுதி அனுப்பிவிட்டார்கள். ஜெபசிங் நேற்றுப் போன் பண்ணினான், கோபம் தீர்ந்திருக்கிறது. என் சீட்டில் இப்போது அவன். ஓட்டுவதற்குப் புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறானாம். முதல் நாள் "நில்" என்று சொல்ல வாய் வரவில்லை, "அக்கா" என்று வந்துவிட்டது, வண்டியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்றான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

இப்போது மணி ஏழு ஆகப் போகிறது. மேலே மழையாம். ஜீப் கிளம்பியிருக்கும். இந்த நேரத்துக்கு எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. களத்துக்கும் வாசலுக்குமாக நடந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. கை இப்படியே நின்றுவிடுமோ என்று, அவன் இன்றைக்கு எங்கேயாவது இறங்கிவிடுவானோ என்று, நான் இல்லாமலே எல்லாம் நன்றாக நடந்துவிடுமோ என்று. இந்தக் கடைசியை எழுத வேண்டாம் என்று சொன்னேன். எழுதிவிட்டார்.

நான் அழுவதையும் எழுதுகிறார். நோட்டு மடியில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. என்ற கைய உட்டுப்போட்டு நோட்டப் புடிச்சு எழுதுங்க என்றேன். விடவில்லை.